லினக்ஸ் கணினியில் 12 ஆண்டுகள் மறைந்திருந்த ஓட்டை

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஊட்டி, குன்னூர், கூடலூர் பகுதிகளில் அண்ணன் படித்த கணினியில் இன்று தம்பி, தங்கைகள் படிக்கும் வீடுகள் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

லினக்ஸில் சாதாரணப் பயனர், ‘ரூட்’ எனும் முழு அதிகாரம் பெற்றவர் என இரு நிலைகள் உண்டு. யாருக்கு எந்த அனுமதி என்பதைத் தீர்மானிக்கும் மென்பொருள் தொகுப்பு ‘போல்கிட்’. அதிலுள்ள ‘பிகேஎக்ஸெக்’ என்ற சிறு கருவி, அனுமதி உள்ளவரின் கட்டளையை ரூட் அதிகாரத்தில் இயக்கும்.

குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் இதில் ஒரு பிழையைக் கண்டு, 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டனர். சிவிஇ-2021-4034 என்ற எண் கொண்ட இதற்கு ‘பவ்ன்கிட்’ என்று பெயரிட்டனர். 2009 மே மாதம் கருவி உருவான நாள் முதலே பிழையும் இருந்துள்ளது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் ஆகியவற்றில் அவர்கள் இதைச் சோதித்து உறுதி செய்தனர்.

பிழை எளிமையானது. எஸ்டேட் குடோன் சாவியை வைத்திருப்பவர், சீட்டைப் பார்த்துத்தான் பொருள் தர வேண்டும். ஒருவன் சீட்டே தராமல் நிற்கிறான். அவரோ அதைக் கவனிக்காமல், அவன் கையிலிருந்த வேறொரு தாளைச் சீட்டாக எண்ணிப் படிக்கிறார். அப்படித்தான் இக்கருவியும், தனக்கு வந்த கட்டளைப் பட்டியல் காலியா என்று பார்க்காமல், அடுத்திருந்த தகவலைப் படித்தது. அந்த வழியாக, சாதாரணப் பயனர் தன் நிரலை ரூட் அதிகாரத்தில் இயக்க முடிந்தது. கடவுச்சொல் தேவைப்படவில்லை.

இணையம் வழியாக நேரடியாக இதைப் பயன்படுத்த முடியாது. கணினிக்குள் ஏற்கெனவே ஒரு கணக்கு வேண்டும். ஆகவே பள்ளி, மதரஸா, ஜமாஅத் அலுவலகம் போன்ற இடங்களில் பலர் பயன்படுத்தும் கணினிகளுக்கே கவனம் அதிகம் தேவை. நன்கொடைக் கணக்கும் குடும்பங்களின் விவரங்களும் அங்குதான் இருக்கின்றன.

தீர்வு இலவசம். டெபியனும் உபுண்டுவும் அன்றே திருத்தம் வெளியிட்டன. ‘அப்டேட்’ செய்தாலே போதும். 2022-க்குப் பின் ஒருமுறைகூட அப்டேட் செய்யாத கணினியில் ஓட்டை அப்படியே இருக்க வாய்ப்புண்டு. அப்டேட் வராத பழைய பதிப்பு என்றால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அதுவரை அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விடாதீர்கள்.