தண்டுவடக் காயமும் சிறுநீர்ப்பைச் சிகிச்சையும்: வேலூர் மறுவாழ்வு மருத்துவத்தை முன்வைத்து

முன்னுரை
தண்டுவடம் காயமுற்றோரின் வரலாறு பெரும்பாலும் சக்கர நாற்காலியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவர்தம் ஆயுள் நீண்டதில் சிறுநீர்ப்பைச் சிகிச்சைக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வேலூரின் தொடக்கம்
முதல் உலகப்போரில் தண்டுவடம் முறிந்தோருள் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப்புண்ணாலும் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு இந்நிலையை மாற்றத் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம் 1966இல் பாகாயத்தில் திறக்கப்பட்டது.

மருந்தும் வடிகுழாயும்
காயத்திற்குப்பின் சிறுநீர்ப்பை பலருக்குக் கட்டுப்பாடின்றிச் சுருங்குகிறது. சிறுநீர் வெளியேறும் வழியிலுள்ள தசையும் உடன் இறுகினால் உள்ளழுத்தம் உயர்ந்து சிறுநீரகம் பழுதடையும். ஆக்சிபியூட்டினின் போன்ற மருந்துகள் அசிட்டைல்கோலினின் செயலைத் தடுத்துப் பையின் தசையைத் தளர்த்துகின்றன. வாய் உலர்தலும் மலச்சிக்கலும் இவற்றின் பக்கவிளைவுகள். குடலியக்கமும் குன்றிய இந்நோயாளர்க்குப் பின்னது பெருஞ்சுமை. மேலும், தளர்ந்த பை தானாக முழுதும் வடிவதில்லை. 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடெஸ் முன்வைத்த முறையில், நோயாளியே கைகழுவி, குறித்த இடைவெளிகளில் வடிகுழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுகிறார். அறுவை அரங்கின் நுண்ணுயிர் நீக்கம் இதற்குத் தேவையில்லை; ஆம்பூர்த் தோல் தொழிலாளியின் சிறு வீட்டிலும் இது இயலும்.

முடிவுரை
மருந்து அழுத்தத்தைக் குறைக்கிறது. வடிகுழாய் பையை வெறுமையாக்குகிறது. இரண்டையும் நோயாளிக்குப் பழக்குவது மறுவாழ்வு நிலையத்தின் பணி. எனவே இம்மருந்துகளின் வரலாற்றை அப்பயிற்சியின் வரலாற்றோடு இணைத்தே ஆராய்தல் வேண்டும்.