பாட்டில் முன்னிடம் யாருக்கு?

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறினால் கியா பார்ம். சரிவெல்லாம் காய்கறித் தோட்டம். சற்று அப்பால் சுங்கை பாலாஸ் தேயிலை மலை. பொழுது சாயும் முன்பே பனிமூட்டம் இறங்கிவிடும் இடம். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் ஒன்றின் திருவிழாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போயிருந்தோம். கையில் சிறிய கேசட் பதிவுக் கருவி ஒன்று இருந்தது. வயதான அம்மா ஒருவர், தம்முடைய தாயார் கப்பலேறி வந்ததையும் தாப்பாவிலிருந்து மலையேறியதையும் பாட்டாகக் கட்டிப் பாடினார். பக்கத்திலே உறுமியும் தப்பும் முழங்கின. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். நாங்களும் கருவியைத் தப்புக்காரர் காலடியில் வைத்துவிட்டு மெய்ம்மறந்து நின்றோம்.

வீட்டுக்கு வந்து நாடாவைப் போட்டால் தப்பு இருக்கிறது, உறுமி இருக்கிறது, அந்த அம்மாவைக் காணோம்! மூடிய கதவுக்குள் யாரோ பேசுவது போல ஒரு முனகல்தான் கேட்டது. மறுபடியும் பதிந்து வரலாம் என்று அடுத்த திருவிழாவுக்குப் போனோம். அவர் காலமாகிவிட்டார் என்றார்கள்.

நேரில் நின்றபோது எங்கள் காதுக்கு எல்லாமே கேட்டதே, கருவிக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? காதுக்குப் பின்னால் மனம் இருக்கிறது. எவ்வளவு கூச்சலிலும் வேண்டியவர் குரலை அது பொறுக்கி எடுத்துக்கொள்ளும். கருவிக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஆகவே, யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது என்று மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்சிங் என்று சொல்லும் ஒலிக்கலவை இதுதான். அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1902-ஆம் ஆண்டு பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிந்தார். அந்நாளில் ஒலிவாங்கி கிடையாது. பெரிய புனல் ஒன்றின் வாயருகே நின்று பாட வேண்டும். புனலின் மறுமுனையில் ஊசி; ஊசிக்கடியில் சுழலும் மெழுகுத் தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், அல்லது சற்றுக் கூட. இந்த முறையில் கலவை என்பது தூரம்தான். குரல் புனலுக்கு அருகில், பக்கவாத்தியம் தள்ளி, பெரிய தோற்கருவி இன்னும் தள்ளி. பாடுகிறவர் உச்சத்துக்குப் போகும்போது பின்னுக்கு இழுப்பார்கள். தணிந்து பாடும்போது முன்னுக்குத் தள்ளுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் தூரக் கணக்குக்கு இன்றுவரை மாற்றில்லை. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியழுத்தம் பாதியாகக் குறையும்.

1925-இல் மேல்நாட்டில் மின்சார ஒலிவாங்கி பதிவுக்கு வந்தது. அதன்பின் கத்திப் பாட வேண்டிய கட்டாயம் போயிற்று. 1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதல் நம் படங்களும் பேசிப் பாடத் தொடங்கின. நடிகரே பாடுவார், வாத்தியக்காரர்கள் படக்கருவியின் கண்ணில் படாமல் ஒளிந்திருப்பார்கள். பிறகு பாட்டும் படமும் பிரிந்தன. 1945-இல் வந்த 'ஸ்ரீவள்ளி' படத்தில் ருக்மணி நடித்த வள்ளிக்கு, பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார் ஏவி. மெய்யப்பன்.

விசுவநாதன் - ராமமூர்த்தி காலத்துப் பாடல்களை எண்ணிப் பாருங்கள். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே வேளையில் வாசிப்பார்கள். ஒருவர் பிசகினாலும் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் அந்தப் பாடல்களில் ஒரு சொல்லாவது நமக்குப் புரியாமல் போயிருக்கிறதா? டி. எம். சௌந்தரராஜனின் உச்சரிப்பு ஒரு காரணம். குரலை எல்லாவற்றுக்கும் முன்னே நிறுத்திய கலவை மற்றொரு காரணம். அன்று பாட்டு எந்த வழியாக மக்களை எட்டியது? லயத்து வானொலிப் பெட்டி, கோயில் கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. கனத்த ஓசையும் மிக நுண்ணிய ஓசையும் அவற்றில் எழாது. நடு ஓசைதான் எழும். மனிதக் குரல் பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கிறது. எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல் அந்தக் குழாயிலிருந்து மலைக்கு மலை தாண்டிக் கேட்டதன் இரகசியம் அதுவே.

இந்த நடு ஓசை, கன ஓசை என்பதைத் தேயிலைக்காரர்களாகிய உங்களுக்கு விளக்குவது எளிது. தொழிற்சாலையில் காய்ந்த தூளைச் சல்லடையில் ஆட்டிப் பெரிய இலை, உடைந்த இலை, தூசு என்று தரம் பிரிக்கிறார்கள் அல்லவா? ஒலிக்கும் அப்படிச் சல்லடை உண்டு. மனிதக் காது நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். உறுமியின் கனத்த முழக்கம் 200-க்கும் கீழே பெருகும். ஜால்ராவின் மினுக்கம் பல ஆயிரத்துக்கு மேலே. சொல்லின் மெய்யெழுத்துகளை நமக்குத் தெளிவாகக் காட்டுவது 2,000 முதல் 4,000 வரையுள்ள பகுதி. இரண்டு வாத்தியம் ஒரே சல்லடைக் கண்ணில் விழுந்து நெருக்கிக்கொண்டால் இரண்டுமே கெடும். ஒன்றைச் சற்று ஒதுக்கினால் மற்றது தானாகத் தெளியும். நல்ல ஒலிக்கலைஞர் கூட்டுவதைவிடக் குறைப்பதே அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

1978-இல் வந்த, சிங்கப்பூரில் படமான 'பிரியா'வைத் தமிழில் ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதற்படம் என்பார்கள். இளையராஜாவின் இசை. வயலின் ஒரு பக்கம், கித்தார் மறுபக்கம், குரல் நடுவே. கலவைக்கு அகலம் கிடைத்தது. மறு ஆண்டு ஜப்பானில் வாக்மேன் வந்தது. ஒரே கேள்செவியை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்ட அக்காளும் தங்கையும், "புல்லாங்குழல் நல்லா இருக்குல்ல?" "எங்கடி புல்லாங்குழல்?" என்று சண்டை பிடித்த வீடுகள் உண்டு.

1992-இல் 'ரோஜா' வந்தது. ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டருகே அமைத்த சிறு பதிவுக்கூடத்தில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து, பிறகு பொறுமையாகச் சேர்த்தார். பின்னாளில் நான்கு முறை தேசிய விருது பெற்ற எச். ஸ்ரீதர் அவருடன் நெடுங்காலம் பணியாற்றிய ஒலிக்கலைஞர், 2008-இல் மறைந்தார். அதுவரை அடியிலே கிடந்த கன ஓசை இவர்கள் கையில் எழுந்து நின்றது. "பாட்டைக் காணோம், இடிதான் கேட்கிறது" என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அது பாதி உண்மை. 'ரோஜா'வில் இடியும் குரலும் வெவ்வேறு சல்லடையில் இருந்தன, இரண்டும் கேட்டன. பார்த்துச் செய்தவர்களிடம்தான் இடி மட்டும் மிஞ்சியது.

அப்படியானால் குரலுக்குத்தான் எப்போதும் முன்னிடமா? இல்லை. கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன ஜமைக்காத் தீவில், வானொலி பழுது பார்க்கும் தொழில் செய்த கிங் டபி என்பவர் 1970-களில் ஒரு புதுமை செய்தார். பதிவான பாட்டிலிருந்து குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, முரசையும் கனத்த கித்தாரையும் முன்னே கொண்டுவந்தார். ஆட வந்த கூட்டத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. நம் உறுமி மேளமும் அந்த வகையே. சாமி அழைக்கும் நேரத்தில் உறுமி பின்னால் நின்றால் யார் ஆடுவார்? கச்சேரியில் குரலும் வயலினும் மிருதங்கமும் உரையாட, தம்புரா இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும். நின்றால் மட்டும் வெறுமை தெரிய வேண்டும். 2006-இல் நம் நாட்டு யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' வந்தது. அது ராப்; அதில் சொல்லே தாளம். கன ஓசை எவ்வளவு எழுந்தாலும் மெய்யெழுத்து மழுங்கக்கூடாது. ஆக, பாட்டு எதற்காகப் பிறந்ததோ அதற்கே முன்னிடம். எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஏற்றுவது கலவை ஆகாது. 2008-இல் அமெரிக்காவின் மெட்டாலிக்கா குழு வெளியிட்ட இசைத்தட்டு அளவுமீறிச் சத்தமாக இருக்கிறதென்று அவர்களுடைய இரசிகர்களே முறையிட்டார்கள்.

இனி எங்கள் கேசட்டுக்கு வருவோம். அது கதைப்பாட்டு. அதில் சொல்லே வரலாறு. கப்பலும் மலைப்பாதையும் அந்தச் சொற்களில்தான் இருந்தன. நாங்களோ கருவியைத் தப்புக்கு அருகில் வைத்தோம். அந்த வகைக் கருவிகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பலத்த ஓசை வந்தால் அது தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வோர் அடிக்கும் தப்போடு சேர்த்து அந்த அம்மாவின் குரலையும் அது அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். பாட்டியின் பாட்டைப் பதியப் போகிறவர்கள், தொலைபேசியைப் பாட்டியின் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில் பிடியுங்கள். தப்புக்காரர்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முடிந்தால் மேளமில்லாமல் ஒருமுறை தனியே பாடச் சொல்லிப் பதியுங்கள்.

அந்த நாடாவில் ஓரிடம் மட்டும் தப்பியது. கேமரன் மலைப் பனியில் தப்பின் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். நடுவிலே தப்புக்காரர்கள் தோலைக் காய்ச்ச நெருப்படிக்குப் போனார்கள். உறுமிக்காரரும் கை ஓய்ந்தார். சத்தம் நின்றதும் கருவி தன் அளவை மெல்ல உயர்த்துகிறது. விறகு வெடிக்கிறது, எங்கோ ஒரு குழந்தை இருமுகிறது. அதற்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், அந்த அம்மாவின் குரல். நான்கு அடி. தாப்பாவிலிருந்து லாரியில் மலையேறிய இரவில், குளிருக்குத் தம் தாயார் எதைப் போர்த்திக்கொண்டார் என்பது ஒரு சொல் குறையாமல் கேட்கிறது. ஐந்தாம் அடி தொடங்குகிறது. தப்புக்காரர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள்.