கோஸ்ட்டா ரிக்காவில் கடலாமைப் பாதுகாப்புத் தன்னார்வப் பணி

மத்திய அமெரிக்க நாடான கோஸ்ட்டா ரிக்காவின் கடற்கரைகளில் முட்டையிட வரும் ஆமைகளைக் காக்க, வெளிநாட்டவர் சில வாரங்களோ மாதங்களோ தங்கி உள்ளூர் மக்களுடன் உழைக்கும் ஏற்பாடு இது. சமூகம் சார்ந்த காட்டுயிர்ப் பாதுகாப்பில் அயல்நாட்டுத் தன்னார்வலர்கள் பங்கெடுப்பதற்கு இது உலகெங்கும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு. நாட்டின் கிழக்கே உள்ள கரீபியன் கரையில் பேராமை, ஏழுவரி ஆமை, அழுங்காமை ஆகியவை முட்டையிடுகின்றன. மேற்கே பசிபிக் கரைக்குப் பங்குனி ஆமைகள் பெருந்திரளாக வருகின்றன. ஒரு பேராமை முட்டையிடும் பருவத்தை எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று காப்பாற்றப்படும் கூட்டின் பலன் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். அத்தனை காலமும் கரையோடு இருக்கப்போகிறவர்கள் அந்த ஊர் மக்களே என்பதால், இத்தகைய திட்டங்கள் அவர்களை மையமாகக் கொண்டே அமைய வேண்டும்.

வரலாறு

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கரீபியன் கரையிலுள்ள டோர்டுகேரோவில் ஆமை ஒரு வணிகப் பண்டமாக இருந்தது. இரவில் மணலேறி வரும் பேராமைகளை ஆட்கள் மல்லாக்கப் புரட்டிப் போடுவார்கள். பின்னர் அவை படகேறும். இறைச்சியும், சூப்புக்கு வேண்டிய அடியோட்டுக் குருத்தும் வெளிநாடுகளுக்குச் சென்றன.

ஃபுளோரிடா பல்கலைக்கழக விலங்கியலாளர் ஆர்ச்சி கார் 1950களில் இக்கரையில் ஆய்வைத் தொடங்கினார். 1956இல் வெளியான அவருடைய 'தி விண்ட்வர்ட் ரோட்' நூலால் ஈர்க்கப்பட்டவர்கள் ஒன்றுகூடினார்கள். அதன் விளைவாக 1959இல் பிறந்த அமைப்புதான் இன்று சீ டர்ட்டில் கன்சர்வன்சி என்ற பெயரில் இயங்குகிறது. 1975இல் டோர்டுகேரோ தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. அனுமதி பெற்று நடந்துவந்த பேராமை வேட்டைக்கு 1999இல் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. 2002இல் கடலாமைகளைக் காப்பதற்கென்றே தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

தன்னார்வலரின் பணி

கரீபியன் கரையில் ஏழுவரி ஆமையின் பருவம் ஏறத்தாழ மார்ச் முதல் ஜூன் வரை. பேராமையின் பருவம் ஜூலை முதல் அக்டோபர் வரை. தன்னார்வலர்கள் பயிற்சி பெற்ற குழுத்தலைவரின் பின்னே இரவு ரோந்து செல்கிறார்கள். அடர்நிற உடை கட்டாயம். வெள்ளை வெளிச்சம் ஆமையைக் கடலுக்கே திருப்பிவிடும் என்பதால் மங்கிய சிவப்பு விளக்கு மட்டுமே அனுமதிக்கப்படுகிறது.

ஆமை குழி தோண்டி முடித்து முட்டையிடத் தொடங்கும்வரை எவரும் அருகே போவதில்லை. தொடங்கிய பிறகு அது எளிதில் கலைவதில்லை. அப்போது கையுறை அணிந்த ஒருவர் விழும் முட்டைகளை எண்ணுகிறார். பேராமை ஒரு கூட்டில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடும். பிறகு மேலோட்டின் நீளத்தை அளந்து, காயமோ கட்டியோ உண்டா என்று பார்த்து, துடுப்புகளில் எண் பொறித்த உலோக வில்லையைப் பொருத்துகிறார்கள். அந்த எண்ணைக் கொண்டு, பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கரையிலோ வேறொரு நாட்டிலோ தென்பட்டாலும் அதே ஆமையை அடையாளம் காண முடிகிறது.

காலையில் மணல் தடங்கள் கணக்கிடப்படுகின்றன. சுமார் இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளியேறியதும், குறித்துவைத்த கூடுகளைத் தோண்டிப் பொரிந்த ஓடுகளையும் பொரியாத முட்டைகளையும் தனித்தனியே எண்ணுகிறார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் ஆண்டுதோறும் இப்படிச் சேரும் எண்களே அரசின் முடிவுகளுக்கும் நீதிமன்ற வாதங்களுக்கும் அடித்தளம்.

ஊர் மக்களின் பங்கு

டோர்டுகேரோ ஊருக்குச் சாலை கிடையாது. படகிலோ சிறு விமானத்திலோதான் போக முடியும். ஆமை வேட்டைக்கு மாற்றாக இங்கே ஆமைச் சுற்றுலா வளர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளானார்கள். 2004இல் தொடங்கிய திட்டத்தின்படி, பயிற்சி பெற்ற ஊரார் கரையில் ஆமையைத் தேடிக் கண்டு தகவல் சொல்லும்வரை பார்வையாளர்கள் மணலுக்கு வராமல் காத்திருக்கிறார்கள். தேடுவோரின் ஊதியம் பார்வையாளர் செலுத்தும் சிறு கட்டணத்திலிருந்து கிடைக்கிறது. தெற்கே காண்டோக்காவில் தன்னார்வலர்கள் ஊராரிடம் தங்கி, உணவுக்கும் இடத்துக்கும் பணம் தந்தார்கள். முட்டை விற்ற குடும்பங்களுக்கு அது மாற்று வருமானமானது.

பசிபிக் கரையிலுள்ள ஓஸ்தியோனலின் வழி வேறு. அங்கே ஒரே வருகையில் பல்லாயிரக்கணக்கான பங்குனி ஆமைகள் கரையேறுகின்றன; முதலில் இட்ட முட்டைகளைப் பின்னால் வரும் ஆமைகளே கிளறி அழித்துவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு வருகையின் தொடக்கத்திலும் குறிப்பிட்ட காலத்துக்குள் முட்டை எடுக்க 1987 முதல் ஊர்ச் சங்கத்துக்குச் சட்ட அனுமதி உண்டு. பதிலுக்கு ஊரார் கரையைச் சுத்தம் செய்து, திருட்டைத் தடுத்து, குஞ்சுகள் கடல்சேரக் காவல் நிற்கிறார்கள். இதே பங்குனி ஆமை சென்னைக் கரைக்கும் வருகிறது. இங்கே 1988 முதல் மாணவர் அமைப்பொன்று இரவு நடை சென்று அதன் கூடுகளைக் காத்துவருகிறது.

ஆபத்துகள்

முட்டைத் திருட்டுக்குப் போதைப்பொருள் கடத்தலோடு தொடர்புள்ள இடங்களில் இரவு ரோந்து உயிருக்கே ஆபத்தானது. 2013 மே இறுதியில் கரீபியன் கரையிலுள்ள மொயின் கடற்கரையில், 26 வயதான உள்ளூர்ப் பாதுகாவலர் ஹைரோ மோரா சாந்தோவால் கொல்லப்பட்டார். உடன் சென்ற நான்கு வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் கடத்தப்பட்டு உயிர் தப்பினார்கள். 2016இல் மறுவிசாரணையில் நால்வர் தண்டிக்கப்பட்டார்கள். ஆபத்து வந்தால் ஊர் திரும்பும் வாய்ப்பு தன்னார்வலருக்கு உண்டு, கரையில் வாழ்பவருக்கு இல்லை. எனவே உள்ளூர்ப் பணியாளரின் பாதுகாப்பும் ஊதியமும் எந்தத் திட்டத்திலும் முதலில் கவனிக்க வேண்டியவை.

பிற நாடுகளில்

நமீபியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் காட்டுயிர்கள் மீதான சில உரிமைகளைக் கிராமச் சமூகங்களுக்கு அளித்தது. அந்நாட்டின் வறண்ட வடமேற்கில் யானைகள் தண்ணீர் தேடி வந்து குழாய்களையும் தொட்டிகளையும் உடைப்பதால், அவற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பத் தன்னார்வலர்கள் உதவுகிறார்கள். டிரினிடாட்டின் மட்டூரா கரையில் 1990 முதல் ஊர் மக்களின் அமைப்பே ஏழுவரி ஆமைகளைக் காக்கிறது.

விமர்சனங்களும் தெரிவு நெறிகளும்

பெரும்பாலான திட்டங்களில் தன்னார்வலரே பணம் கட்டுகிறார். அந்தப் பணம் தவறான கைகளுக்கும் போகக்கூடும். தென்னாப்பிரிக்காவில் சிங்கக்குட்டிகளுக்குப் பாலூட்டத் தன்னார்வலர்களை வரவழைத்த சில பண்ணைகள், வளர்ந்த சிங்கங்களை வேலிக்குள் அடைத்துச் சுடும் வேட்டைக்கு அனுப்பியதை 2015இல் வெளிவந்த 'பிளட் லயன்ஸ்' ஆவணப்படம் அம்பலப்படுத்தியது. காட்டு விலங்கைத் தொட்டுக் கொஞ்சவும் படம் எடுக்கவும் அழைக்கும் இடத்தைத் தவிர்ப்பதே முதல் விதி. கட்டணத்தில் ஊருக்குச் சேரும் பங்கு, பொறுப்பிலிருக்கும் உள்ளூர்க்காரர்கள், திரட்டிய தரவைப் பயன்படுத்துவோர், ஊராருக்குக் கிடைக்க வேண்டிய கூலிவேலையைத் தன்னார்வலர் பறிக்கிறாரா என்பது ஆகியவற்றைப் புறப்படும் முன்பே கேட்டறிய வேண்டும்.

பலன்

டோர்டுகேரோவில் 1971 முதல் 2003 வரை பேராமைக் கூடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்து மடங்கானதாக ஆய்வுகள் மதிப்பிட்டன. அண்மைய ஆய்வுகள் மீண்டும் சரிவைக் காட்டுகின்றன. இக்கரையின் ஆமைகள் இரைதேடும் நிகராகுவா கடற்பகுதியில் வேட்டை நீடிப்பது பெருங்கவலை. 2020இல் கோவிட் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது தன்னார்வலர் வரவும் அவர்கள் தந்த வருமானமும் நின்றன. வெளியூர்க் கைகளையே முழுதும் நம்பியிருப்பது எவ்வளவு பலவீனமானது என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது. தன்னார்வலர் வராத பருவத்திலும் ஊரார் ரோந்து தொடருமானால்தான் அத்திட்டம் வேரூன்றிவிட்டது எனலாம்.