கேனன் 5டி, நிக்கான் டி300: இரண்டு பழைய காமிராக்கள், இரண்டு தேவைகள்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் மகளுக்குப் பதினான்கு வயது. கைப்பேசியில் படமெடுத்து அலுத்துப்போய், 'நிஜமான காமிரா' வேண்டும் என்கிறாளாம். புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது, ஆறு மாதத்தில் ஆர்வம் போய்விட்டால் என்ன செய்வது என்பது அப்பாவின் கவலை. பழைய காமிராக்கள் விற்கும் கடையில் இரண்டைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று கேனன் ஈ.ஓ.எஸ். 5டி, மற்றது நிக்கான் டி300. "ரெண்டுமே பன்னெண்டு மெகாபிக்ஸல், விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான். எதை வாங்கட்டும்?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. 2012-இல் முதல் வேலை கிடைத்த கையோடு நான் வாங்கியது பழைய டி300. என் அறைத் தோழன் வாங்கியது பழைய 5டி. நாலைந்து வருடங்கள் இரண்டும் ஒரே மேசையில் கிடந்தன. இரண்டிலும் படமெடுத்து, இரண்டையும் திட்டி, இரண்டையும் நேசித்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும் கொஞ்சம் கணக்கையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பிறந்த கதை

5டி 2005 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும் 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்ஸர் கொண்ட டிஜிட்டல் காமிராக்கள் இருந்தன. ஆனால் 2002-இல் வந்த கேனன் 1டிஎஸ் ஏறக்குறைய 8000 டாலர். தொழில்முறைக் கலைஞர்களைத் தவிர மற்றவர்கள் கடைக்கண்ணாடி வழியே பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். 5டியின் அறிமுக விலை 3299 டாலர். அதுவும் சில்லறைக் காசு இல்லை. என்றாலும் திருமண வீடுகளில் படமெடுப்பவர்களும், காசு சேர்த்து வைத்த ஆர்வலர்களும் முழு அளவு சென்ஸரைத் தொட முடிந்தது அப்போதுதான்.

டி300 இரண்டு வருடம் கழித்து, 2007 ஆகஸ்டில், நிக்கானின் முதல் முழு அளவு காமிராவான டி3-உடன் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டது. அறிமுக விலை சுமார் 1800 டாலர். சென்ஸர் சிறியது. ஆனால் அண்ணனுக்குக் கொடுத்த 51 புள்ளி தானியங்கிக் குவிய அமைப்பைத் தம்பிக்கும் கொடுத்திருந்தார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அதை வாங்கியவர்கள் பலர்.

இன்று இரண்டும் பழைய சரக்கு. 2018-க்குப் பிறகு இரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாக் காமிராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. அறிமுக விலையின் ஒரு சிறு பங்குக்கு இவை கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே மெகாபிக்ஸல், வேறு நிலம்

5டி 12.8 மெகாபிக்ஸல், டி300 12.3 மெகாபிக்ஸல். முதலாவது தரும் படம் 4368க்கு 2912 புள்ளிகள், இரண்டாவது தருவது 4288க்கு 2848. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் இரண்டுமே ஏறக்குறைய 14 அங்குல அகலப் படம் தரும். சுவரில் மாட்டிவிட்டால் மெகாபிக்ஸலை வைத்து எது எதில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வித்தியாசம் இருப்பது சென்ஸரின் பரப்பில். 5டியின் சென்ஸர் 35.8க்கு 23.9 மி.மீ. டி300-இல் 23.6க்கு 15.8 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் முன்னது பின்னதைப் போல் ஏறக்குறைய 2.3 மடங்கு. ஒரே எண்ணிக்கை நாற்றுகளை ஒரு குழியிலும், இரண்டேகால் குழியிலும் நட்டதுபோல. பெரிய வயலில் ஒவ்வொரு நாற்றுக்கும் வெயில் அதிகம். 5டியில் ஒரு புள்ளியின் அகலம் 8.2 மைக்ரான், டி300-இல் 5.5 மைக்ரான்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

முதலாவது, இருட்டு. ஒரே துளை எண்ணிலும் ஒரே ஷட்டர் வேகத்திலும் பெரிய சென்ஸர் மொத்தத்தில் 2.3 மடங்கு ஒளியை வாங்குகிறது. ஐ.எஸ்.ஓ. 1600-இல் 5டியின் படம், டி300-இல் 800-இல் எடுத்ததுபோல் இருக்கும் என்று தோராயமாகச் சொல்லலாம். 5டி இரண்டு வருடம் மூத்தது, ஆனாலும் இந்த விஷயத்தில் முதுமை தெரிவதில்லை.

இரண்டாவது, பின்புல மங்கல். 5டியில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு முகத்தை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நின்ற இடத்தில் நின்றபடி டி300-இல் அதே படம் வேண்டுமானால் 57 மி.மீ. லென்ஸ் வேண்டும், அதன் துளை எஃப் 1.2 இருக்க வேண்டும். அப்படிப்பட்ட லென்ஸைத் தேடிப் போனால் காமிராவை விடப் பல மடங்கு விலை ஆகும். முகத்தை மட்டும் தெளிவாக நிறுத்தி மற்றதைக் கரைத்துவிடும் படம்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், 5டி அதை மலிவாகத் தருகிறது.

மூன்றாவது விளைவு டி300-க்குச் சாதகமானது. சிறிய சென்ஸர் லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. லென்ஸ் போலக் காட்டுகிறது. "5டியில் எடுத்துவிட்டு நடுவை வெட்டிக்கொண்டால் போகிறது" என்று தோன்றலாம். அப்படி வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்ஸலுக்கும் குறைவு. தூரத்துப் பறவையின் மேல் டி300 இரண்டு மடங்குக்கும் அதிகமான புள்ளிகளை வைக்கிறது. இறகின் வரி தெரிவதும் தெரியாததும் அதில்தான்.

ஓடுவதைப் பிடித்தல்

5டி வினாடிக்கு 3 படம் எடுக்கும். டி300 வினாடிக்கு 6. எம்.பி.-டி10 என்ற கூடுதல் பிடியையும் அதற்கான பெரிய மின்கலத்தையும் சேர்த்தால் 8. ஆனால் ராக் கோப்பை 14 பிட்டில் பதியச் சொன்னால் டி300-இன் வேகம் 2.5 ஆகச் சரிந்துவிடும். பறவைக்குப் போகும்போது 12 பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைவிட முக்கியம் குவியப் புள்ளிகள். 5டியில் கண்ணுக்குத் தெரிபவை 9. அதில் நம்பக்கூடியது நடுப்புள்ளி ஒன்றுதான், மற்றவை மங்கிய ஒளியில் தடுமாறும். டி300-இல் 51 புள்ளிகள், அவற்றில் 15 குறுக்குவகை. அவை சட்டகத்தின் பெரும் பகுதியில் பரவியிருக்கின்றன. ஒளி அளக்கும் 1005 புள்ளி வண்ண உணரியையும் துணைக்கு வைத்துக்கொண்டு, நகரும் பொருளை நிறத்தால் அடையாளம் கண்டு தொடரவும் செய்கிறது.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது அரங்கேற்றம் பற்றி. மேடை விளக்கில் பரதநாட்டியம் எடுக்க, அசைவு உறையக் குறைந்தது 1/250 வினாடி வேண்டும். எஃப் 2.8 லென்ஸ் இருந்தாலும் ஐ.எஸ்.ஓ. 1600 வரை போகத்தான் வேண்டியிருக்கும். இங்கே இரண்டு காமிராக்களும் ஆளுக்குப் பாதி வேலையை நன்றாகச் செய்கின்றன. பதத்தில், அபிநயத்தில், நடனமணி ஓரிடத்தில் நின்று முகத்தால் பேசும்போது 5டி. ஜதியிலும் தில்லானாவிலும் மேடை முழுக்கச் சுற்றும்போது டி300. ஒன்றுதான் உண்டு என்றால், படத்தில் கொஞ்சம் மணல் தெரிந்தாலும் பரவாயில்லை, குவியம் தப்பிய படம் எதற்கும் உதவாது என்பது என் கட்சி. அரங்கேற்றத்துக்கு டி300.

லென்ஸ் குடும்பம்

காமிரா வாங்குவது என்பது சம்பந்தம் பேசுவது போல. உடன் வரும் குடும்பத்தையும் பார்க்க வேண்டும். 5டி, கேனன் 1987 முதல் செய்த ஈ.எஃப். லென்ஸ்களை ஏற்கும். சிறிய சென்ஸருக்கென்று செய்த ஈ.எஃப்.-எஸ். லென்ஸ்களை ஏற்காது. இதைத் தெரியாமல் லென்ஸ் வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. டி300-இன் உடலுக்குள் குவிய மோட்டார் இருப்பதால், மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப். லென்ஸ்களும் அதில் தானாகக் குவியும். அதற்கும் முந்தைய ஏ.ஐ. வகைக் கைக்குவிய லென்ஸ்களை மாட்டினாலும் ஒளியை அளந்து சொல்லும். அப்பாவின் பழைய நிக்கான் லென்ஸ் ஏதாவது பெட்டியில் கிடந்தால் இது பெரிய லாபம். வேடிக்கை என்னவென்றால், ஒரு வளையத்தை இடையில் வைத்து நிக்கான் லென்ஸைக் கேனனிலும் மாட்டலாம், கையால் குவித்துக்கொள்ள வேண்டும். மறுதலையாக, கேனன் லென்ஸை நிக்கானில் வெறும் வளையத்தால் மாட்டினால் தொலைதூரம் குவியாது.

அகலக் காட்சிக்கு 5டி எளிது. 24 மி.மீ. என்றால் 24 மி.மீ.தான். அதுவே டி300-இல் 36 மி.மீ. போல ஒடுங்கிவிடும். மலையும் கோயிலும் எடுக்க அதற்கென்று தனி லென்ஸ் வாங்க வேண்டும்.

வாங்கும்போது

இரண்டிலும் வீடியோ கிடையாது. இரண்டுக்கும் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை வேண்டும். அட்டைப் பொந்துக்குள் ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா என்று விளக்கடித்துப் பாருங்கள். 5டியின் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்கும், டி300-இன் ஷட்டர் ஒன்றரை லட்சம் முறைக்கும் சோதிக்கப்பட்டவை. டி300-இல் அதுவரை எத்தனை படம் எடுத்தார்கள் என்பது ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகிறது, 5டியின் கோப்பில் பதிவாவதில்லை. 5டியில் உட்கண்ணாடி பசை விட்டுக் கழன்று விழுவது அறியப்பட்ட குறை. கேனன் முன்பு அதை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்த வேலை முடிந்த உடல்தானா என்று விசாரியுங்கள். 5டியில் தூசியை உதறும் வசதியும் இல்லை. எஃப் 16-இல் வானத்தை ஒரு படம் எடுத்தால் தூசிகள் கரும்பொட்டாகத் தெரியும். டி300-இல் பிடியின் ரப்பர் உறை தளர்ந்திருக்கலாம். பார்க்க அசிங்கம், படத்துக்குக் கேடில்லை.

5டியின் பின்திரை சிறியது, மங்கல். நிறத்தை அதில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒளிப்பரவல் வரைபடத்தை நம்புங்கள். டி300-இன் திரை மூன்று அங்குலம், இன்றைக்கும் பார்க்கும்படி இருக்கிறது. இரண்டின் ராக் கோப்புகளையும் டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்கள் இப்போதும் திறக்கின்றன. எடையில் பேதமில்லை, முன்னது 810 கிராம், பின்னது 825.

ஒரு சொந்தக் கதை

2014 குளிர்காலத்தில் அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி, சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் பனி வாத்துகள் இறங்கும் சரணாலயத்துக்கு அழைத்துப் போனேன். "இதுக்கா இந்தக் குளிர்ல இழுத்துட்டு வந்தே?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஏதோ ஒரு கழுகுக்குப் பயந்து ஆயிரக்கணக்கான வாத்துகள் ஒரே நேரத்தில் எழும்பியபோது பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "வேடந்தாங்கல்ல கூட இப்படி ஒண்ணா எழும்பிப் பாத்ததில்லடா" என்றார். டி300 அன்று வேலையைச் சரியாகச் செய்தது. அந்த வாத்துகளின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒவ்வொரு இறகும் தெரியும்.

அப்பா ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் மாலை. சன்னல் ஓரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேசையில் கையருகே இருந்தது தோழனின் 5டி, அதில் ஒரு 50 மி.மீ. லென்ஸ். ஒளி போய்க்கொண்டிருந்தது. ஃப்ளாஷ் இல்லாமல் நான்கு படம் எடுத்தேன். மூன்றாவதில் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.

2017-இல் அப்பா தவறியபோது வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அம்மா கேட்டார். என் கணினியில் பறவைப் படங்கள் பல ஆயிரம். அப்பா இருந்த படங்கள் பத்துக்குக் குறைவு. மாலை போட்டு மாட்டியது அந்த மூன்றாவது படம்தான். காமிராவின் மேல் எனக்குக் குறையில்லை. எனக்கு எது தேவை என்று நான் யோசித்ததே இல்லை, அதுதான் குறை.

ஆகவே நண்பரிடம் திருப்பிக் கேட்டேன்: மகள் எதைப் படமெடுக்க ஆசைப்படுகிறாள்? அவருக்குத் தெரியவில்லை. அவளிடமே கேட்டுவிட்டு மறுநாள் அழைத்தார். ஜூன் மாதம் பாட்டி வருகிறாராம். பாட்டி சமைப்பதையும், கோலம் போடுவதையும், மதியம் தூங்குவதையும் எடுக்க வேண்டுமாம்.

5டி வாங்கச் சொன்னேன். கூடவே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. 2015-இல் வந்த கேனனின் எஸ்.டி.எம். வகை அறிமுகத்திலேயே சுமார் 125 டாலர்தான், பழையதாக வாங்கினால் இன்னும் மலிவு. ஓடுவதையும் பறப்பதையும் எடுக்க அவளுக்கு ஆசை வரும் நாளில் டி300 எங்காவது ஒரு கடையில் காத்திருக்கும். பாட்டிக்கு ஜூன் முடிந்ததும் ஊருக்குத் திரும்பும் டிக்கெட் இருக்கிறது.