நான்காம் திருத்தம் (அமெரிக்க அரசியலமைப்பு)

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம், நியாயமற்ற சோதனையிலிருந்தும் பறிமுதலிலிருந்தும் மக்களின் உடல், வீடு, ஆவணங்கள், உடைமைகள் ஆகியவற்றைக் காக்கும் விதி. தகுந்த காரணமும் சத்தியப் பிரமாணமும் இன்றி வாரண்ட் பிறப்பிக்கக் கூடாது. சோதிக்கும் இடமும் கைப்பற்றும் பொருளும் அதிலேயே குறிக்கப்பட வேண்டும். 1791 டிசம்பர் 15 அன்று உரிமைகள் சாசனத்துடன் இது நடைமுறைக்கு வந்தது.

தோற்றம்

கதவை உடைக்கும் முன், வந்த காரணத்தைச் சொல்லித் திறக்கக் கேட்க வேண்டும் என 1604இல் செமேன் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் கூறியது. 1765இல் எழுத்தாளர் ஜான் என்டிக்கின் வீட்டைக் குடைந்து தாள்களை அள்ளிச் சென்றது சட்டவிரோதம் என்று நீதிபதி கேம்டன் தீர்ப்பளித்தார்.

அமெரிக்கக் குடியேற்றங்களிலோ, கடத்தல் சரக்கு தேடும் சுங்க அதிகாரிகள் இடம் குறிப்பிடாத பொது ஆணைகளுடன் எந்த வீட்டிலும் நுழைய முடிந்தது. 1761இல் பாஸ்டன் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ் இவற்றை எதிர்த்து வாதாடித் தோற்றார். அந்த வாதத்தை நேரில் கேட்ட ஜான் ஆடம்ஸ், 1780இன் மாசசூசெட்ஸ் அரசியலமைப்பை வரைந்தபோது நியாயமற்ற சோதனைக்குத் தடை விதித்தார். 1789இல் ஜேம்ஸ் மேடிசன் தேசிய அளவில் திருத்தத்தை முன்மொழிந்தார்.

மேப் வழக்கு

விதியை மீறிக் கைப்பற்றிய சான்றுகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என 1914இல் வீக்ஸ் வழக்கு வகுத்தது. மாநிலப் போலீசை அது கட்டுப்படுத்தவில்லை.

1957 மே 23 அன்று கிளீவ்லாந்தில் டால்ரீ மேப் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போலீசார் வந்தனர். குண்டுவெடிப்பு தொடர்பாகத் தேடப்பட்டவர் உள்ளே இருப்பதாகத் தகவல். வழக்கறிஞரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட மேப், வாரண்ட் இல்லாமல் அனுமதிக்க மறுத்தார். சில மணி நேரம் கழித்து, கூடுதல் ஆட்களுடன் கதவை உடைத்து நுழைந்தனர். வாரண்டைக் கேட்டதும் ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டினர். அவர் அதைப் பறித்து உடைக்குள் செருகிக்கொள்ள, மல்லுக்கட்டி மீட்டு அவருக்கு விலங்கு பூட்டினர். வீடு முழுவதும் துழாவிக் கிடைத்த புத்தகங்களையும் படங்களையும் வைத்து, ஆபாசப் பொருள் வைத்திருந்ததாக அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணையில் வாரண்ட் எதுவும் தாக்கலாகவில்லை.

1961இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்து, வீக்ஸ் விதியை எல்லா மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தியது. ஏட்டில் இருந்த உரிமை சாதாரணக் குடிமக்களின் வாசல்வரை வந்தது அப்போதுதான்.

பிற்காலம்

வெப்பமறி கருவியால் வீட்டின் உட்புறத்தை ஆராய்வதும் சோதனையே என 2001இல் கைலோ வழக்கு கூறியது. வாசலில் மோப்ப நாயைத் தேடவிடுவதையும் 2013இல் ஹார்டின்ஸ் வழக்கு அவ்வாறே கருதியது.

மறுபுறம், பிழையான வாரண்டை நல்லெண்ணத்துடன் நம்பிச் செயல்பட்டால் சான்று செல்லும் என 1984இல் லியான் வழக்கும், அறிவிக்காமல் நுழைந்ததற்காக மட்டும் சான்றை ஒதுக்க வேண்டியதில்லை என 2006இல் ஹட்சன் வழக்கும் பாதுகாப்பைத் தளர்த்தின. வீட்டுக்குள் நுழையலாமா என்பதைத் தேடுபவரே தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் இத்திருத்தத்தின் உயிர். விதிவிலக்குகள் பெருகப் பெருக, முதலில் அடிபடுவதும் அதுவே.