மொழிபெயர்ப்பும் சாட்சியமே: விரிவுரையாளர் கீலானி வழக்கு தரும் பாடம்

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர் வெறும் கருவியா, சாட்சியா? இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில், ஆட்சியாளருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் போதுமா என்னும் வினாவையே ஒரு பாடத்தின் தலைப்பில் வைத்துள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் மொழிபெயர்ப்பைச் சாட்சியமாகக் கருதி, நேர்மையாளர் இருவர் வேண்டும் என்றனர். தாம்பரத்தை அடுத்த நமது அரபிக் கல்லூரியில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம், இக்காலத்தில் இதற்கு என்ன தேவை என்று மாணவர் எவரேனும் வினவுவதுண்டு. விடையாக நாம் எடுத்துரைப்பது, நம்மைப் போன்றே அரபி கற்பித்த ஒருவரின் வரலாறு.

காஷ்மீரைச் சேர்ந்த சையத் அப்துர் ரஹ்மான் கீலானி, தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஜாகிர் உசேன் கல்லூரியில் அரபி விரிவுரையாளராக இருந்தார். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. காவலர்களும் தோட்டப் பணியாளர் ஒருவரும் உயிரிழந்தனர். எவ்வகையிலும் நியாயப்படுத்தவியலாத கொடுஞ்செயல் அது. இரண்டு நாட்களுக்குள், ரமழானின் இறுதி நாட்களில், கீலானி கைது செய்யப்பட்டார். பொடா சட்டம் அவர்மீது பாய்ந்தது. அச்சட்டத்தின் கரம் எத்துணை நீளமானது என்பதை நம் பகுதியினரும் பின்னர் கண்டனர். ஓர் உரைக்காக வைகோ அவர்கள் 2002 ஜூலையில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இதே சட்டத்தின்கீழ் கைதானார்.

கீலானிக்கு எதிராக முன்வைக்கப்பட்டவற்றுள் முதன்மையானது, தம் சகோதரருடன் அவர் காஷ்மீரி மொழியில் பேசிய, இரண்டேகால் நிமிடமளவேயான தொலைபேசி உரையாடல். பாடத்திட்டம் அனுப்புவது, பெருநாளுக்கு ஊர் செல்வது குறித்த குடும்பப் பிணக்கு ஆகியனவே அதன் பொருள் என்றது எதிர்வாதத் தரப்பு. சகோதரர் கேட்ட ஒரு சிறு கேள்வியும், இவர் சிரித்தபடி அளித்த விடையும், காவல்துறையின் இந்தி மொழிபெயர்ப்பில் தாக்குதலுக்கான ஒப்புதலாயின. மொழிபெயர்த்தவரோ, பள்ளிக்கல்வியை நிறைவு செய்யாத, பழச்சந்தையில் பிழைப்பு நடத்திய ஓர் இளைஞர். பிழை அவருடையதன்று, ஓர் உயிரின் சுமையை அவர் தோளில் ஏற்றியவர்களுடையது.

அம்மொழிபெயர்ப்பு தவறானது என்று சாட்சியளிக்க முன்வந்தோர் இருவர்: திரைப்பட இயக்குநர் சஞ்சய் காக், தொழிற்சங்கத் தலைவர் சம்பத் பிரகாஷ். இருவரும் காஷ்மீர்ப் பண்டிதர்கள். உண்மைக்குச் சாட்சி சொல்ல மதம் அவர்களுக்குத் தடையாகவில்லை. எனினும் சிறப்பு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2002 டிசம்பர் 18 அன்று கீலானிக்குத் தூக்குத் தண்டனை விதித்தது.

ரஜ்னி கோத்தாரி போன்ற அறிஞர்களும், வழக்கறிஞர் நந்திதா ஹக்சரும் துணைநின்றனர். 2003 அக்டோபர் 29 அன்று தில்லி உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. 2005 பிப்ரவரியில் தம் வழக்கறிஞரின் இல்லத்தின் முன்பே சுடப்பட்டு உயிர்தப்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று உச்சநீதிமன்றமும் விடுதலையை உறுதிசெய்தது. அவர்மீது ஐயம் எழுவதாகக் குறிப்பிட்ட அம்மன்றம், ஐயம் எத்துணை வலிதாயினும் நிரூபணத்தின் இடத்தை அடையாது என்றது. மனிதரின் அடிப்படை நிலை குற்றமின்மையே என்றும், உறுதியானது ஐயத்தால் நீங்காது என்றும் நமது ஃபிக்ஹு விதிகள் கூறுவதும் இதனையே.

ஆயினும் அந்த ஐயச்சொல் அவரை விட்டு நீங்கவில்லை. யூசுஃப் (அலை) அவர்கள் சிறைக்கதவு திறந்தபோதும் உடனே வெளியேறாமல், தம்மீதான பழி விசாரிக்கப்பட வேண்டும் என்று கேட்டதன் உட்பொருள் இங்கு நமக்கு விளங்குகிறது. விடுதலை வேறு, பழி நீங்குதல் வேறு. கீலானி மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பினார். அரசியல் கைதிகளின் விடுதலைக்காக உழைத்தார். 2016இல் தேசத்துரோக வழக்கில் மறுபடியும் சிறை கண்டு, பிணையில் வந்தார். 2019 அக்டோபர் 24 அன்று மாரடைப்பால் மறைந்தார்.

மொழி கற்போரே, நாளை உங்களையும் ஒரு நீதிமன்றம் மொழிபெயர்க்க அழைக்கலாம். அன்று நீங்கள் அகராதியாக அல்ல, சாட்சியாக நிற்கிறீர்கள். தெளிவாகக் கேளாத சொல்லைக் 'கேளவில்லை' என்று கூறும் துணிவும் அந்தச் சாட்சியத்தின் ஒரு பகுதியே.