மெழுகை அடக்கிய மெழுகு

தை மாத அதிகாலையில் நெல் மூட்டையோடு ஆரணி ரைஸ்மில்லுக்குக் கிளம்பும் டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லையென்றால், பழி பனிமேல் விழும். டீசல் கட்டிவிட்டதாம். ஆரணிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறையும், டீசல் உறையாது. பேட்டரியைப் பாருங்கள், ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். குளிருக்கென்று விற்கும் டீசல் மருந்துக்கு இங்கே வேலையே இல்லை.

டீசல் நிஜமாகவே கட்டுவதைக் கண்டவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். கண்ணமங்கலத்தை அடுத்த கம்மவான்பேட்டை பட்டாளத்துக்காரர்களின் ஊர். லடாக்கில் குளிர்காலம் கழித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அது தட்டைத் தட்டையான படிகமாகப் பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். டேங்கில் டீசல் இருக்கும், இன்ஜின் பட்டினி கிடக்கும்.

இதற்கான மருந்து முதலில் பிறந்தது டீசலுக்காக அல்ல, இன்ஜின் ஆயிலுக்காக. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் குளோரின் ஏற்றிய மெழுகையும் நாஃப்தலீனையும் வினைபுரியவைத்து ஒரு பொருளை எடுத்தார்கள். நாஃப்தலீன் வேறொன்றுமில்லை, பட்டுச்சேலைப் பெட்டியில் போடுகிற அந்துருண்டைதான். 'பாராஃப்ளோ' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மெழுகை அது கரைக்கவில்லை, நீக்கவுமில்லை. வளரும் படிகத்தின்மேல் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவிடாமல் தடுத்தது. மெழுகை அடக்க மெழுகிலிருந்தே ஆள் பிடித்த இந்த யோசனைதான் எனக்குக் கதையின் உச்சம்.

டீசலுக்கு ஏற்ற மருந்து 1960-களில் வந்தது: எத்திலீன் வினைல் அசிடேட். செருப்பு அடியில் போடும் 'ஈவிஏ'வின் உறவு. ஆயிரம் லிட்டருக்குச் சில நூறு மில்லி போதும். அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை எளிது. டீசலைக் குளிரவைத்து, 45 மைக்ரான் சல்லடை வழியே உறிஞ்சுவார்கள். 60 விநாடிக்குள் 20 மில்லி ஏறவில்லையென்றால் டீசல் தோற்றது. எந்த வெப்பநிலையில் தோற்கிறதோ, அதுவே அதன் எல்லை.

நம் இந்தியத் தரத்தில் அந்த எல்லை குளிர்காலத்துக்கு 6 டிகிரி, கோடைக்கு 18. சமவெளிக்கு இது தாராளம். மைனஸ் 30 வரை இறங்கும் லடாக்கின் கார்கில் போன்ற இடங்களில் என்ன செய்வது? மண்ணெண்ணெய் கலந்தார்கள், டேங்குக்கு அடியில் தீ மூட்டினார்கள். இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலை மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் குறையாத குளிர்கால டீசலைத் தயாரித்தபோது 2019 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று லடாக்கில் அதன் விற்பனையை அமித் ஷா தொடங்கிவைத்தார். கார்கில் போர் முடிந்தே இருபது ஆண்டு ஆகியிருந்தது, தாமதம்தான்.

கீழேயே டேங்கை நிரப்பிக்கொண்டு மலையேறும் லாரிக்கு இன்றும் பாட்டில் மருந்துதான் துணை. அதையும் டீசல் கலங்குமுன்பே ஊற்றிவிட வேண்டும். மெழுகு கட்டிய பிறகு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பயனில்லை, வண்டியைச் சூடேற்றித்தான் ஆக வேண்டும்.